வீட்டை அடமானம் வைத்து எழுத்து படிக்கப் போகலாமா?

இந்த முறை வந்திருப்பது நான்கு பக்கக் கடிதம். எழுதியவர் பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

வயது 29. விருதுநகர் மாவட்டம். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழி, பிறகு பி.எஸ்சி. உயிர்வேதியியல். சென்னைக்கு வெளியே ஒரு மருந்துத் தொழிற்சாலையின் தர உறுதிப் பிரிவில் ஆறு வருடமாக வேலை. கைக்கு வருவது 38,000 ரூபாய், அதில் 15,000 ஊருக்குப் போகிறது. அப்பா பருப்பு மில்லில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். கல்யாணம் ஆகாத தங்கை ஒருத்தி. வங்கியில் 5 லட்சத்து 40 ஆயிரம்.

வேலையில் அவருக்குப் பிடித்தது எழுதுவது மட்டும்தான்: எஸ்.ஓ.பி.க்கள் (ஒரு வேலையை எப்படிச் செய்ய வேண்டும் என்ற செயல்முறைக் குறிப்புகள்), டீவியேஷன் ரிப்போர்ட்கள் (அந்த முறையிலிருந்து எங்கே பிசகியது என்ற அறிக்கைகள்), ஆடிட்டுக்கு வருகிறவர்கள் எழுப்பும் குறைகளுக்குப் பதில்கள். போன வருடம் ஒரு கூட்டத்தில் மேலாளர் அவருடைய ரிப்போர்ட்டைத் திரையில் போட்டு, "இது தமிழ் மீடியம் இங்கிலீஷ்" என்று சொல்ல, எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். அன்று இரவே, எழுத்தை முறையாகப் படித்தே தீருவது என்று முடிவெடுத்துவிட்டார்.

அவர் முன்னால் மூன்று வழிகள். இங்கிலாந்தில் ஓராண்டு 'தொழில்முறை எழுத்து' எம்.ஏ.; ஏஜென்ட் சொல்லும் செலவு 28 லட்சம், அதில் 22 லட்சத்துக்கு ஊரில் இருக்கும் வீட்டை அடமானம் வைக்க அப்பா சம்மதித்துவிட்டார். அல்லது வேலையை விட்டுவிட்டுச் சென்னையில் ஓராண்டு இதழியல் முதுநிலைப் பட்டயம். அதுவும் இல்லாவிட்டால் தொலைநிலைக் கல்வியில் எம்.ஏ. "அதை யாரும் மதிக்க மாட்டார்கள் என்கிறார்களே" என்று பக்கத்திலேயே எழுதியிருக்கிறார். ஏஜென்ட்டுக்கு 25,000 ரூபாய் பதிவுக் கட்டணம் கட்டியாகிவிட்டது, அசல் சான்றிதழ்களும் அவரிடம்தான். இதற்கிடையில் பெரியப்பா மகன், "ஏ.ஐ. வந்த பிறகு எழுத்துக்கு எவன் சம்பளம் தருவான்?" என்று கேட்டு இருந்த கொஞ்சத் தூக்கத்தையும் கெடுத்துவிட்டார். "எனக்கு வயதாகிவிட்டதா? எதைத் தேர்ந்தெடுப்பது?" என்று கடிதம் முடிகிறது.

அன்புள்ள வாசகிக்கு,

படிப்பைப் பற்றிப் பிறகு பேசலாம். இந்த வாரமே செய்ய வேண்டிய காரியம் ஒன்று இருக்கிறது.

சான்றிதழ்களைத் திரும்ப வாங்குங்கள்

அசல் சான்றிதழைப் பிடித்து வைத்துக்கொள்ளும் உரிமை, சேர்த்துக்கொண்ட கல்லூரிக்கே கிடையாது. சரிபார்த்த கையோடு மாணவரிடம் திருப்பித் தர வேண்டும் என்று 2018 அக்டோபரில் யு.ஜி.சி. அறிவிக்கை வெளியிட்டிருக்கிறது. அப்படியிருக்க, இடையில் நிற்கும் ஏஜென்ட்டுக்கு எங்கிருந்து வரும் அந்த உரிமை? விண்ணப்பத்துக்கு ஸ்கேன் பிரதி போதும். நேரில் போய்க் கேளுங்கள். இழுத்தடித்தால், போய்ச் சேர்ந்ததற்குச் சான்று கிடைக்கும்படி ஸ்பீட் போஸ்டில் ஒரு கடிதம் போடுங்கள், அதற்கும் அசையாவிட்டால் காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். பெரும்பாலும் தபால் போய்ச் சேர்ந்ததுமே உறை வீடு தேடி வந்துவிடும்.

25,000 ரூபாய் அவ்வளவு சுலபமில்லை. ரசீதிலும் நீங்கள் கையெழுத்திட்ட தாளிலும் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது அது. 'திருப்பித் தரப்படாது' என்று இருந்தாலும், சொன்ன சேவையைச் செய்யவில்லை என்றால் கேட்க வழி உண்டு. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணமே கிடையாது. "படித்து முடித்ததும் வேலை கேரண்டி" என்று அவர் வாயால் சொன்னதை எழுத்தில் கேட்டுப் பாருங்கள். எழுதித் தர மாட்டார் என்பது என் ஊகம். இன்னொன்று: இந்த ஏஜென்ட்கள் பலருக்கும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களே கமிஷன் தருகின்றன. அதில் சட்டவிரோதம் ஒன்றும் இல்லை. ஆனால் "போகாதீர்கள்" என்று உங்களிடம் சொன்னால் அவருக்கு வருமானம் இல்லை என்பதை நினைவில் வைத்துக்கொண்டு அவர் பேச்சைக் கேளுங்கள்.

இனி எழுத்துக்கு வருவோம்.

உங்கள் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில், போகிற போக்கில் இரண்டு வரி எழுதியிருக்கிறீர்கள். அடுத்த பேட்ச் தொடங்கும் முன் மெஷினில் பழையது எதுவும் தங்கவில்லை என்று உறுதி செய்யும் 'லைன் கிளியரன்ஸ்' எஸ்.ஓ.பி. 11 பக்கம் இருந்தது, நைட் ஷிஃப்டில் யாரும் அதைப் படிப்பதே இல்லை, முந்தைய பேட்ச்சின் லேபிள்கள் மெஷினில் தங்கிப்போய் டீவியேஷன் மேல் டீவியேஷன். நீங்கள் ஆபரேட்டர்களோடு மூன்று இரவு நின்று பார்த்து, அதை நான்கு பக்கமாக்கி, மெஷின் பக்கத்தில் ஒட்ட ஒரு பக்கத் தமிழ்க் குறிப்பும் எழுதிக் கொடுத்தீர்கள். அதற்குப் பிறகு அந்தத் தவறு வரவில்லை. இவ்வளவையும் எழுதிவிட்டு, "இதெல்லாம் எழுத்தில் சேராது, தெரியும்" என்று வேறு சேர்த்திருக்கிறீர்கள்.

அம்மா, தொழில்முறை எழுத்து என்பது இதுதான். யார் படிக்கப் போகிறார், எந்த நேரத்தில், எந்த வெளிச்சத்தில், கையில் என்ன வைத்துக்கொண்டு படிப்பார் என்று போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதுவது. 2023-இல் எளிய மொழிக்கென்றே ஒரு சர்வதேசத் தரநிலை வந்தது, ஐ.எஸ்.ஓ. 24495-1. வாசகருக்குத் தேவையானது அதில் இருக்க வேண்டும், அதை அவர் சுலபமாகக் கண்டுபிடிக்க வேண்டும், புரிந்துகொள்ள வேண்டும், பயன்படுத்த முடிய வேண்டும் என்பதுதான் அதன் சாரம். நீங்கள் அந்தத் தரநிலையைப் படித்திருக்க மாட்டீர்கள். மூன்று இரவு தூக்கம் கெட்டு அதைச் செய்து முடித்திருக்கிறீர்கள்.

உங்கள் ஆங்கிலத்தில் பிழைகள் இருக்கலாம். நீங்கள் இணைத்த ஒரு பத்தியைப் பார்த்தேன். ஆர்ட்டிகிள் சில இடங்களில் தவறுகிறது, வாக்கியங்கள் கொஞ்சம் நீளம். ஆறு மாதப் பயிற்சியில் சரியாகிற விஷயம் இது. என்ன நடந்தது, ஏன் நடந்தது, எப்படித் தெரிந்தது என்ற வரிசை ஓர் இடத்தில்கூடக் குலையவில்லை. அந்த வரிசையைக் கற்றுக்கொடுப்பதுதான் கஷ்டம். 20 வருடம் மென்பொருள் நிறுவனங்களில் கையேடு எழுதிவிட்டுச் சொல்கிறேன், ஆங்கில இலக்கியத்தில் முதல் வகுப்பு வாங்கியவர்களிடம்கூட அது இல்லாமல் தவித்திருக்கிறேன். உங்கள் மேலாளர் பிழையைத் திருத்தியிருக்கலாம். சிரித்தது அவருடைய குறை. அந்தச் சிரிப்புக்கு 28 லட்சத்தில் பதில் சொல்ல வேண்டியதில்லை.

'கம்யூனிகேஷன்' என்ற பெயரில் என்ன சொல்லித் தருகிறார்கள்

மூன்று வழிகளையும் ஒரே படிப்பின் மூன்று விலைகள் போல நினைக்கிறீர்கள். மூன்றும் வேறு வேறு படிப்புகள்.

நம் ஊர்ப் பல்கலைக்கழகங்களில் எம்.ஏ. இதழியல் மற்றும் தொடர்பியல் என்றால் தொடர்பியல் கோட்பாடுகள், ஊடகச் சட்டம், ஆய்வு முறை, செய்தி எழுதுதல், வானொலி, தொலைக்காட்சி, விளம்பரம் என்று போகும். சென்னைப் பல்கலைக்கழகத்தில் இதற்கென ஒரு துறை உண்டு. அண்ணா பல்கலைக்கழகத்தின் ஊடக அறிவியல் துறை எலெக்ட்ரானிக் மீடியா பக்கம் சாய்ந்தது. நல்ல படிப்புகள்தான். ஆனால் எஸ்.ஓ.பி. எழுதுவதையோ, மருத்துவ ஆய்வறிக்கை எழுதுவதையோ எதிர்பார்த்துப் போனால் முதல் செமஸ்டரிலேயே முகம் வாடிவிடும்.

முதுநிலைப் பட்டயம் முழுக்கப் பயிற்சி. சென்னை தரமணியில் இருக்கும் ஏசியன் காலேஜ் ஆஃப் ஜர்னலிசம் தருவது பட்டயம்தான். 1965-இல் தொடங்கிய டெல்லியின் இந்திய மக்கள் தொடர்பியல் நிறுவனமும் நெடுங்காலம் பட்டயம்தான் தந்தது. 2024-இல்தான் அதற்கு நிகர்நிலைப் பல்கலைக்கழகத் தகுதி கிடைத்தது. பட்டயம் மட்டம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், செய்தி அறையில் அதற்கு மதிப்பு உண்டு. ஆனால் பின்னால் கல்லூரியில் பாடம் நடத்தும் ஆசை இருந்தால் கணக்கு மாறும். நெட் தேர்வு எழுத முதுகலைப் பட்டத்தில் 55 சதவீதம் வேண்டும். இதர பிற்படுத்தப்பட்டோர், பட்டியல் வகுப்பினர், பழங்குடியினர் போன்றோருக்கு 50. உதவிப் பேராசிரியர் தகுதிக்கு வயது வரம்பே இல்லை. ஆக, 29-இல் வயதாகிவிட்டதா என்ற கேள்வி அங்கேயே அடிபட்டுப் போகிறது. ஆனாலும் உங்கள் கடிதத்தில் பத்திரிகையாளர் ஆகும் ஆசையை நான் எங்கேயும் பார்க்கவில்லை. இந்த இரண்டாம் வழி உங்கள் பட்டியலில் எப்படி நுழைந்தது என்று நீங்களே ஒருமுறை யோசியுங்கள்.

தொலைநிலைக் கல்வி பற்றிய பயம் பழைய பயம். யு.ஜி.சி. அனுமதி பெற்ற தொலைநிலைப் பட்டமும் ஆன்லைன் பட்டமும் நேர்முறைப் பட்டத்துக்குச் சமம் என்று 2020 விதிமுறைகளே சொல்கின்றன. சேரும் முன், அந்தப் படிப்புக்கு அந்தக் கல்வியாண்டில் அனுமதி இருக்கிறதா என்று யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவு தளத்தில் நீங்களே பார்க்க வேண்டும்; பல்கலைக்கழகத்தின் பெயர் இருந்தால் போதாது, படிப்பின் பெயரும் இருக்க வேண்டும். இக்னோவில் எம்.ஏ. இதழியல் இருக்கிறது. குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 4 ஆண்டு. சம்பளத்தை விடாமல் படிக்கலாம்.

வெளிநாட்டில் 'தொழில்முறை எழுத்து' என்ற பெயரை மட்டும் நம்பாதீர்கள். ஒரு பல்கலைக்கழகத்தில் அது நாவலும் திரைக்கதையும் எழுதி எப்படிப் பிழைப்பது என்ற பாடம். இன்னொன்றில் ஆவணம் எழுதுவது. அமெரிக்காவில் கார்னகி மெலன், அயர்லாந்தில் லிமரிக் போன்ற இடங்களில் நீங்கள் தேடுகிற வகைக்குப் பக்கத்தில் வரும் முதுகலைப் படிப்புகள் உண்டு. ஏஜென்ட் காட்டிய படிப்பின் பாடப் பட்டியலை அனுப்பியிருந்தீர்கள். ஆறில் நான்கு பாடம் புனைவெழுத்து. இதை அவர் உங்களிடம் சொன்னாரா?

22 லட்சத்தின் கணக்கு

பத்தரை சதவீத வட்டி, பத்து ஆண்டு என்று வைத்துக்கொண்டால் மாதத் தவணை கிட்டத்தட்ட 30,000 ரூபாய். படிக்கும் ஓராண்டிலேயே 2 லட்சத்து 30 ஆயிரம் வட்டி ஏறியிருக்கும், அது தனி. இங்கே திரும்பி வந்து இப்போதைய சம்பளமே கிடைத்தாலும், தவணை போகக் கையில் 8,000 நிற்கும். ஊருக்கு அனுப்பும் 15,000-க்கு எங்கே போவீர்கள்?

"அங்கேயே வேலை கிடைத்துவிடும்" என்பது ஏஜென்ட்டின் வாதம். இங்கிலாந்தில் படித்து முடித்தபின் தங்கி வேலை தேடுவதற்கான கிராஜுவேட் விசா முன்பு இரண்டு ஆண்டு. 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிக்கும் முதுகலை மாணவர்களுக்கு அது 18 மாதம். அதற்குப் பிறகும் இருக்க வேண்டுமென்றால் வெளிநாட்டவரை வேலைக்கு எடுக்க ஸ்பான்சர் உரிமம் உள்ள நிறுவனம் வேண்டும், சம்பளமும் வரம்பைத் தாண்ட வேண்டும். 2025 ஜூலையில் பொது வரம்பு ஆண்டுக்கு 41,700 பவுண்டு ஆனது. மாணவர் விசாவிலிருந்து மாறுகிறவர்களுக்குச் சலுகை வரம்பு 33,400. தொழிலுக்கேற்ப இன்னும் கூடலாம். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களோடு, ஆங்கில எழுத்து வேலைக்கு, அவர்கள் ஊரிலேயே போட்டி போட வேண்டும். முடியாது என்று சொல்லவில்லை. அப்பாவின் வீட்டைப் பணயமாக வைக்கும் அளவுக்கு அதை நம்ப முடியாது என்கிறேன்.

மத்திய அரசின் கல்விக் கடன் திட்டமான பி.எம். வித்யாலக்ஷ்மியில் வட்டி மானியம் வரும் என்று ஏஜென்ட் சொன்னாராம். அந்தத் திட்டம் இந்தியாவில் உள்ள குறிப்பிட்ட தரவரிசை நிறுவனங்களில் படிப்பவர்களுக்கு. இங்கிலாந்துக்குப் பொருந்தாது.

உங்கள் பெரியப்பா மகன் சொல்வதில் பாதி உண்மை. ஒரு வார்த்தைக்கு இத்தனை பைசா என்று வலைத்தளங்களுக்குக் கட்டுரை எழுதித் தரும் வேலையில் ஏ.ஐ. பலமாகக் கை வைத்திருக்கிறது, அந்தப் பக்கம் போகாதீர்கள். இந்தத் துறையின் பழைய அமைப்புகளும் ஆட்டம் கண்டிருக்கின்றன: 1953 முதல் இருந்த அமெரிக்கத் தொழில்நுட்பத் தொடர்பியல் சங்கம் 2025 ஜனவரியில் திவாலாகி மூடப்பட்டது. அதன் சான்றிதழுக்குத் தயார் செய்கிறேன் என்று இன்னும் யாராவது பணம் கேட்டால் கும்பிடு போட்டுவிட்டு வாருங்கள். ஆனால் மருந்துத் துறையில் ஒரு வாக்கியத்தில் வரும் எண்ணும் மூல அட்டவணையில் இருக்கும் எண்ணும் ஒன்றுதானா என்று பார்த்துக் கையெழுத்துப் போட ஓர் ஆள் வேண்டும். டீவியேஷன் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டுப் பழகிய உங்களுக்கு அந்தக் கையெழுத்தின் கனம் தெரியும்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால்

மெடிக்கல் ரைட்டிங், குறிப்பாக மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புகளுக்குத் தர வேண்டிய ஆவணங்களை எழுதும் ரெகுலேட்டரி ரைட்டிங் பக்கம் பார்ப்பேன். மருந்தை மனிதர்களிடம் சோதித்தபின் எழுதும் கிளினிக்கல் ஸ்டடி ரிப்போர்ட்டுக்கு ஐ.சி.எச். என்ற சர்வதேச மருந்து நெறிமுறை அமைப்பின் இ3 என்ற வழிகாட்டி 1995 முதல் இருக்கிறது, இலவசமாகப் படிக்கலாம். தலைப்புப் பக்கம் தொடங்கிப் பின்னிணைப்பு வரை 16 பகுதிகள். எஸ்.ஓ.பி. படித்து வளர்ந்த உங்களுக்கு அது பயமுறுத்தாது. ஆய்வுக் கட்டுரைப் பக்கம் போக ஆசை என்றால் ஈக்வேட்டர் நெட்வொர்க் தளத்தில் கன்சார்ட் முதலான, மருத்துவ ஆய்வுகளை எப்படி எழுத வேண்டும் என்ற விதிகள் இருக்கின்றன. தொழில்நுட்ப எழுத்தின் அடிப்படைக்கு கூகுளின் இரண்டு இலவசப் பாடங்கள் போதும். இரண்டு வார இறுதிகளில் முடித்துவிடலாம்.

இந்தத் துறையில் ஆளெடுக்கும்போது பெரும்பாலும் ஒரு தேர்வு வைப்பார்கள். ஓர் அட்டவணையைக் கொடுத்து, 'இதை 200 வார்த்தையில் எழுது' என்பார்கள். எம்.ஏ. இருக்கிறதா என்பதைவிட அந்த 200 வார்த்தைதான் பேசும். சில நிறுவனங்கள் எம்.எஸ்சி., எம்.பார்ம் கேட்கும் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அப்படிப்பட்ட விளம்பரங்களே அதிகம் கண்ணில் பட்டால், கம்யூனிகேஷன் எம்.ஏ.வை விடத் தொலைநிலையில் ஓர் அறிவியல் முதுகலைதான் உங்களுக்குப் பயன்படும். எனவே எதிலும் சேரும் முன் 30 வேலை விளம்பரங்களை எடுத்து, கேட்கும் தகுதிகளை ஒரு நோட்டில் எழுதுங்கள். அப்பா கணக்கு எழுதியவர்தானே, வரவு செலவு போல இரண்டு பத்தியாக: என்னிடம் இருப்பது, இல்லாதது.

உங்கள் தமிழையும் அந்த வரவுப் பத்தியில் எழுதுங்கள். மருத்துவ ஆய்வில் சேரும் ஒருவருக்கு, என்ன செய்யப் போகிறார்கள், என்ன ஆபத்து, எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்பதை அவருக்குப் புரியும் மொழியில் எழுதிக் கொடுத்துத்தான் சம்மதம் வாங்க வேண்டும். 2019-இன் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வு விதிகள் சொல்வது இது. மதுரையிலோ வேலூரிலோ ஒரு நோயாளியின் கைக்கு வரும் தமிழ்ச் சம்மதப் படிவத்தை வாங்கிப் படித்துப் பாருங்கள். கரடுமுரடான மொழிபெயர்ப்பில், எழுதியவருக்கே புரியுமா என்ற சந்தேகம் வரும். நைட் ஷிஃப்ட் ஆபரேட்டருக்கு ஒரு பக்கத்தில் புரியவைத்தவருக்கு அங்கே வேலை இருக்கிறது.

ஓர் எச்சரிக்கை. அந்த நான்கு பக்க எஸ்.ஓ.பி.யை மாதிரி என்று யாருக்கும் அனுப்பிவிடாதீர்கள். அது நிறுவனத்தின் சொத்து, ரகசியமும்கூட. உங்கள் நியமனக் கடிதத்தில் ரகசியக் காப்பு விதி இருக்கிறதா பாருங்கள், அநேகமாக இருக்கும். நோட்டீஸ் காலம் எவ்வளவு, பாண்ட் ஏதாவது இருக்கிறதா என்பதையும் அதே கையோடு பார்த்துவிடுங்கள். மாதிரிக்குப் பொது விஷயம் ஒன்றை எடுங்கள். வீட்டில் குளுக்கோமீட்டரில் சர்க்கரை பார்ப்பது எப்படி என்று முதல்முறை கருவியைத் தொடும் 65 வயதுக்காரருக்கு ஒரு பக்கம், தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று. எழுதியதை உங்கள் அப்பாவிடமோ பக்கத்து வீட்டுப் பெரியவரிடமோ கொடுத்துவிட்டு, வாயைத் திறக்காமல் பக்கத்தில் நின்று பாருங்கள். எந்த வரியில் அவர் நிமிர்ந்து உங்களைப் பார்க்கிறாரோ, அந்த வரியைத் திருத்துங்கள்.

ஒரு வருடம் இப்படிப் போகட்டும். அதற்குப் பிறகும் வெளிநாட்டுப் படிப்பு ஆசை இருந்தால், கையில் மாதிரிகளும் புது வேலை அனுபவமும் இருக்கும்; உதவித்தொகைக்கும் தைரியமாக விண்ணப்பிக்கலாம். அப்போதும் வீட்டுப் பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும், அதில் தங்கைக்கும் ஒரு பேச்சு உண்டு.

சான்றிதழ்கள் கைக்கு வந்ததும் இரண்டு வரி எழுதுங்கள். அந்தக் குளுக்கோமீட்டர் குறிப்பையும் கூடவே வையுங்கள், ஆர்ட்டிகிள் தவறுகளை நான் பார்த்துச் சொல்கிறேன்.